நீலகிரி கிழக்குச் சரிவு: ஐப்பசி, கார்த்திகை மழை முன்னோட்டத்தை எப்படிப் படிப்பது?

கேத்தி_மழைமானி

செப்டம்பர் கடைசியில் இந்திய வானிலைத் துறை அக்டோபர்–டிசம்பர் முன்னறிவிப்பை வெளியிட்டதும் வருசா வருசம் இங்கே வரும் கேள்வி ஒன்றுதான்: "இந்தத் தடவை நமக்கு மழை கூடவா, குறைவா?" அந்த அறிக்கையை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏன் என்பதை ஒரு தடவை விளக்கமாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்த இழை.

அந்த முன்னறிவிப்பு தென் தீபகற்பம் முழுவதற்குமானது. தமிழ்நாடு–புதுச்சேரி–காரைக்கால், கேரளம்–மாஹே, கடலோர ஆந்திரம், ராயலசீமா, தென் உள் கர்நாடகம் என ஐந்து உட்பிரிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தருகிற ஒரே கணிப்பு அது. 1971–2020 சராசரி 334 மி.மீ. சுற்று, அதில் 88 முதல் 112 சதவீதத்துக்குள் வந்தால் "இயல்பு". நெல்லூர்க் கடற்கரையில் கொட்டுவதும் கேத்திப் பள்ளத்தில் பெய்வதும் ஒரே கணக்கில் போய்விடும்.

சரி, மாவட்டச் சராசரியைப் பார்க்கலாமே என்றால் அதுவும் ஏமாற்றும். கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் ஆடி மழை ஊர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் பதிவான 91 செ.மீ. தென்மேற்குப் பருவமழை தந்தது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி, பர்லியார், கோடநாடு ஐப்பசி மழை ஊர்கள். இரண்டுக்கும் நடுவே 2,637 மீட்டர் தொட்டபெட்டா சுவர் மாதிரி நிற்கிறது. கீழ்க்காற்று (கிழக்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும்போது கிழக்கே அடைமழை, மேற்கே தூறல். இரண்டையும் கூட்டி வகுத்து "மாவட்டத்தில் இயல்பு மழை" என்று போட்டால் அது எந்த ஊரின் மழையும் இல்லை.

கிழக்குச் சரிவில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியவை மூன்று. கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம்? அது எத்தனை நாள் நிலைக்கும்? அதற்கு முன்னால் மண் எவ்வளவு குடித்திருக்கிறது? பருவத்தின் மொத்தத் தொகை இதற்கெல்லாம் பின்னால்தான் வரும்.

அரவங்காடு_புதுசு

எல் நினோ வந்தால் மழை பொய்க்கும் என்கிறார்கள். டிவியில் இந்து மாக்கடல் இருமுனை என்றும் ஏதோ சொல்கிறார்கள். இதெல்லாம் குன்னூர்ப் பக்கத்துக்குப் பொருந்துமா, ஐயா?

மேலடுக்குக்காற்று

எல் நினோ என்றால் பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது, லா நினா என்றால் அங்கே குளிர்வது; இருமுனை என்பது இந்து மாக்கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள வெப்ப வித்தியாசம். எல் நினோ மழையைக் கெடுக்கும் என்பது தென்மேற்குப் பருவத்துக்குச் சொல்வது. வடகிழக்குப் பருவத்துக்கு அது பெரும்பாலும் துணைதான் நிற்கும். 2015இல் எல் நினோ. அந்த வருடம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2016இல் எல் நினோ போய்விட்டது, இருமுனையும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. தமிழ்நாட்டில் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. இந்த இரண்டு வருடத்தை மட்டும் பார்த்தால் விதி தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். 2010, 2021 இரண்டும் லா நினா வருடங்கள், இரண்டிலும் மழை மிகுதி. அதனால் இது தராசை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்க்கிற எடை, அவ்வளவுதான். தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெப்பமண்டல அலைவு (எம்.ஜே.ஓ. என்று எழுதுவார்கள்) இன்னும் உதவியானது. 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றி வரும் மேகக் கூட்டம் அது. அதன் பயணத்தை எட்டுக் கட்டமாகப் பிரிப்பார்கள். இந்து மாக்கடலிலும் அதன் கிழக்கு ஓரத்திலும், அதாவது 2, 3, 4ஆம் கட்டங்களில், பலத்தோடு இருக்கும் வாரங்களில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுகள் பிறக்க வாய்ப்பு கூடும். பசிபிக் பக்கம் போய்விட்டால் இங்கே பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விழலாம். மருந்தடிப்பு, கவாத்து, கேரட் அறுவடை, சுவர் வேலை எல்லாவற்றையும் இந்த இடைவெளியை நம்பித்தான் திட்டமிட வேண்டும். மூன்று மாதக் கணிப்பைவிட இரண்டு வாரக் கணிப்பு பெரிது.

பருவம் தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. ஒரு வாரம் முன்பின் ஆவது சகஜம். அதற்கு முன் மதியம் இடியோடு பெய்வது வெப்பச்சலன மழை. இரண்டு மணி நேரத்தில் கொட்டி ஓய்ந்துவிடும், மேல்மண்ணை அரிக்கும், பாத்தியைக் கலைக்கும், மின்னல் ஆபத்தும் உண்டு. ஆனால் சரிவுக்குள்ளே ஆழமாக இறங்க அதற்கு நேரம் இல்லை. மலையை நகர்த்துவது நவம்பரில் இரவும் பகலும் விடாமல் பெய்கிற மழைதான்.

கோத்தகிரி_தேயிலைக்காடு

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பதில் அடைமழை என்ற சொல் சும்மா வந்ததில்லை. பழைய பெரிய சரிவுகளின் மாதத்தைப் பாருங்கள்: 1978 நவம்பர், 1979 நவம்பர், 1993 நவம்பர் 11 மரப்பாலம், 2009 நவம்பர் 10. நாலும் நவம்பர்தான்.

குன்னூர்ச்சரிவு

அக்கா சொன்ன அந்த 2009ஐக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். புயல் எங்கே இருந்தது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் வங்கக் கடல் என்பார்கள். @மேலடுக்குக்காற்று, வரைபடத்தோடு சொல்லுங்கள்.

மேலடுக்குக்காற்று

அது வங்கக் கடலில் இல்லை என்பதுதான் விஷயமே. நவம்பர் முதல் வாரத்தில் குமரிக் கடல் பக்கம் இருந்த தாழ்வு அரபிக் கடலுக்குள் போய்ப் பலப்பட்டு 'பியான்' புயலாகி, நவம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தில் அலிபாக் அருகே கரை கடந்தது. கேத்தியில் 82 செ.மீ. பதிவானது 10ஆம் தேதி. அப்போது புயல் நமக்கு மேற்கே. மேற்கே இருக்கும் சுழற்சி வங்கக் கடலின் ஈரக் காற்றை தமிழ்நாட்டுக்குக் குறுக்கே இழுத்தது. அந்தக் காற்று மேட்டுப்பாளையத்தில் 325 மீட்டரில் இருந்து 20 கிலோமீட்டருக்குள் குன்னூரின் 1,850 மீட்டருக்கு ஏற வேண்டும், அப்புறம் கேத்திப் பள்ளத்துக்குள் நெருக்கி இன்னும் மேலே. ஏறுகிற காற்று குளிரும், குளிர்ந்தால் ஈரத்தை விடும். கல்லாறுப் பள்ளத்தாக்கு அந்தக் காற்றுக்குப் புனல் மாதிரி.

அதனால் தாழ்வு எங்கே இருக்கிறது என்பதை வைத்து இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு நேரேயோ வடக்கேயோ புயல் இருந்தால், சுழற்சியின் இடப்பக்கம் நமக்கு வரும். காற்று வடக்கு, வடமேற்கிலிருந்து தரைவழியாக வரும், ஈரம் குறைவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தபோது மலைக்கு அது பெரிய விஷயமாக இருக்கவில்லை. செய்தியில் சிவப்பு எச்சரிக்கை ஓடும், இங்கே வெயில் அடிக்கும்.

நாகப்பட்டினம்–வேதாரண்யம் பக்கம் ஏறி மேற்கே நடந்து வந்தால் (2018 நவம்பர் 16 கஜா) சுழற்சியின் வடபுறம் நாம் இருப்போம். கீழ்க்காற்று நேராகச் சரிவில் மோதும். வேகமாகக் கடந்தால் ஒரு நாள் மழை. நின்றுவிட்டால் நிலைமை வேறு. 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, வலுவிழந்து, மெதுவாக உள்ளே நகர்ந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., திருவண்ணாமலையில் மண்சரிவு. "வலுவிழந்தது" என்பது காற்றின் வேகத்துக்குத்தான் சொல்வது. மழைக்கு அந்தச் சொல் பொருந்தாது.

மூன்றாவது: குமரிக் கடல், லட்சத்தீவு, தென்கிழக்கு அரபிக் கடல். கடற்கரை ஊர்களுக்குப் புயல் "போய்விட்டது" என்று செய்தி வரும் நேரம். குன்னூர், கேத்தி, கோத்தகிரிக்கு மிகவும் கவனம் வேண்டியது இதே நேரம்தான். இந்த இழையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத் தளங்களில் தரைக்காற்றைப் பார்க்காதீர்கள். 850 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அளவு) அடுக்கைத் தட்டுங்கள். அது சுமார் 1,500 மீட்டர், ஏறக்குறைய நம் சரிவின் உயரம். அங்கே கிழக்கு அல்லது தென்கிழக்குக் காற்று 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வேகத்துக்கு மேலாக, வங்கக் கடலில் இருந்து உடையாமல் நீண்டிருந்தால் ஒரு குறி. அதே நேரம் 700 அடுக்கிலும் (சுமார் 3,000 மீட்டர்) அதே திசை இருந்தால் இரண்டாவது குறி. காற்றுத்தூணில் மொத்த நீராவி 50 மி.மீ.க்கு மேல் என்றால் மூன்றாவது. மூன்றும் சேர்ந்து 24 மணி நேரத்துக்கு மேல் நிலைக்கும் என்று அடுத்தடுத்து வரும் மூன்று நான்கு கணினிக் கணிப்புகளில் மாறாமல் காட்டினால் தயாராகிவிட வேண்டும்.

அரவங்காடு_புதுசு

கைப்பேசிச் செயலியில் குன்னூர் என்று போட்டால் 20 மி.மீ. என்றுதான் காட்டுகிறது. அதை நம்பலாமா?

மேலடுக்குக்காற்று

நாளையும் திசையையும் நம்பலாம், அளவை நம்ப வேண்டாம். உலக மாதிரிகள் (வானிலையைக் கணிக்கும் கணினி நிரல்கள்) பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும்; அந்தக் கட்டங்கள் 9 முதல் 13 கிலோமீட்டர். இந்திய வானிலைத் துறையின் பாரத் முன்னறிவிப்பு முறை (2025 மே முதல்) 6 கிலோமீட்டர். ஒன்பது கிலோமீட்டர்க் கட்டத்தில் கல்லாறு, குன்னூர், கேத்தி மூன்றும் இரண்டு மூன்று கட்டத்துக்குள் முடிந்துவிடும். செங்குத்துச் சரிவு அதில் சாய்வான மேடு ஆகிவிடுகிறது. காற்று மெதுவாக ஏறுகிறது, மழை குறைவாகக் காட்டுகிறது, மீதியை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறது.

வெப்பநிலையும் அப்படித்தான். செயலி எடுத்துக்கொண்ட தரை உயரம் 1,500 மீட்டர், உங்கள் இடம் 2,240 மீட்டர் என்றால் 740 மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி என்று வைத்தால் 4.8 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும்.

பவானிக்கரை

மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஒண்ணு சொல்லோணுங்க. இங்கே எல்லாரும் பில்லூர் அணை அளவையே பார்த்துட்டு இருப்பாங்க. 100 அடியில 97 ஆச்சுன்னா வெள்ள எச்சரிக்கை, அது தென்மேற்குக் காலத்துக்குச் சரிதாங்க. அப்ப தண்ணி வர்றது அப்பர் பவானி, குந்தாப் பக்கமிருந்து. ஐப்பசில கிழக்குச் சரிவுல கொட்டறப்ப தண்ணி குன்னூர் ஆத்துலயும் கல்லாத்துலயும் இறங்குது. அது பவானியில சேர்றது பில்லூருக்குக் கீழங்க! பில்லூர்ல 80 அடி நின்னுட்டு இருக்கும், இங்கே படித்துறை முழுகியிருக்கும். இடையில எந்த அணையும் இல்லை, மதகும் இல்லை, அறிவிப்பும் இல்லை.

அதனால கரையோரத்துல இருக்கறவங்க பார்க்க வேண்டியது குன்னூர், பர்லியார், கோத்தகிரி மழை அளவு. மேல கொட்ட ஆரம்பிச்சா கீழ வர்றதுக்குச் சில மணி நேரந்தான். கல்லாத்துல தண்ணி நிறம் செம்மண்ணா மாறி, சருகும் குச்சியும் சேர்ந்து வந்துச்சுன்னா மோட்டார், ஆடு மாடு, செங்கல் எல்லாத்தையும் உடனே மேல ஏத்தீருங்க.

மாயாறு கதை வேறங்க, அது நேரா பவானிசாகர்ல சேருது. அங்கே அக்டோபர் முடியற வரைக்கும் 102 அடி, நவம்பர்ல இருந்துதான் 105 அடி நிறுத்தலாம்னு விதி. அக்டோபர் கடைசில மழை பலமா இருந்தா உபரி திறப்பாங்கன்னு கீழ்பவானி ஆயக்கட்டுக்காரங்க எதிர்பார்த்துக்கலாம்.

கேத்தி_மழைமானி

இது பலருக்குத் தெரியாத விஷயம், நன்றி.

மழை அளவு பற்றி. இங்கே பதிவாகும் அளவுகளில் பாதி தப்பாக இருப்பதற்குக் காரணம் மானி வைத்த இடம். மொட்டை மாடியில் வைத்தால் காற்று துளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அளவு குறையும். சில்வர் ஓக் மரத்தடியில் வைத்தால் ஒன்று குறையும், இல்லை இலையிலிருந்து சொட்டிக் கூடும். வாய் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ., மட்டமாக, பக்கத்தில் இருக்கும் மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி.

கடையில் வாங்காமல் அளக்கலாம். நேர்ச்சுவர் உள்ள எந்தப் பாத்திரமும் சரி. புனலும் குப்பியும் என்றால் புனல் வாயின் பரப்பைக் கணக்கிடுங்கள். 16 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 201 சதுர செ.மீ.; அதில் விழுந்த 20 மில்லிலிட்டர் 1 மி.மீ. மழை. இரவில் 1,300 மில்லிலிட்டர் சேர்ந்தால் 65 மி.மீ., அதாவது வானிலைத் துறைக் கணக்கில் "கனமழை" தொடங்கும் இடம் (64.5). 115.6இல் இருந்து மிகக் கனமழை, 204.5இல் இருந்து அதிகனமழை.

குப்பியின் கொள்ளளவில்தான் பெரிய தப்பு நடக்கிறது. 200 சதுர செ.மீ. புனலுக்கு 4 லிட்டர் குப்பி 200 மி.மீ. வரைதான் தாங்கும். கேத்தியில் பெய்த 82 செ.மீ. மழையை அதே புனலில் பிடிக்க 16.4 லிட்டர் வேண்டும். சிவப்பு எச்சரிக்கை இரவில் நடுவில் ஒருமுறை எழுந்து குப்பியைக் காலி செய்து குறித்து வைக்காவிட்டால் காலையில் நிரம்பி வழிந்த குப்பிதான் இருக்கும், அளவு இருக்காது. இரவு எடுத்ததையும் காலை எடுத்ததையும் கூட்டி 8:30 மணி அளவாகப் போடுங்கள். தானியங்கி வாளி மானி வைத்திருப்பவர்கள் கவனிக்க: மழை மிகப் பலமாக அடிக்கும்போது வாளி கவிழ்கிற நேரத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராது. பக்கத்தில் ஒரு சாதாரணப் பாத்திரமும் இருக்கட்டும்.

கோத்தகிரி_தேயிலைக்காடு

தேயிலைக்கு இந்தப் பருவத்தில் இரண்டு வேலை. முதலாவது கொப்புள நோய், இலையில் கொப்புளம் போடும் பூஞ்சை. மூடுபனியும் தூறலுமாக இலை நாள் முழுக்க ஈரமாகவே கிடந்து, வெயில் இரண்டு மூன்று மணி நேரம்கூட வராத நாள்கள் தொடர்ந்தால் வித்துகள் பிடித்துக்கொள்ளும். பிடிப்பது இளந்தளிரை மட்டும்தான். அதனால் பறிப்புச் சுற்றை ஏழெட்டு நாளுக்குக் குறைத்தாலே நோய் தங்க இலை இருக்காது. கவாத்து வெட்டிய தேயிலைக் காடு ஐப்பசி மழை நேரத்தில் துளிர்விட்டால் மாட்டிக்கொள்ளும். அந்தக் காட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மருந்து என்றால் தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் இருப்பதை மட்டும், அதுவும் மழை இடைவெளி பார்த்து. கழுவிப் போகிற மருந்துக்குக் கூலி கொடுப்பது வீண்.

இரண்டாவது, சரிவுக் குழிகளைத் தூர்வாரி நீர் நிற்க வைப்பது. அக்டோபருக்கு முன் முடித்தால் மேல்மண் தங்கும், பங்குனி வரைக்கும் ஈரம் நிற்கும்.

குன்னூர்ச்சரிவு

அக்கா, குழி விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே ஆலோசனை கொடுக்க வேண்டாம். இங்கே அடிப்பாறை சார்னோகைட். அதன்மேல் பல மீட்டர் கனத்துக்கு மட்கிச் சிவந்த களிமண். தண்ணீர் மண்ணில் இறங்கிப் பாறைமேல் போய் நிற்கிறது. அந்த இடத்தில் நீரழுத்தம் கூடக்கூட மண்ணின் பிடி தளர்கிறது. காட்டுக்குக் கீழே லைன் வீடோ (தொழிலாளர் வரிசை வீடு) ரோடோ இருந்தால், அதற்கு மேலே தண்ணீரைத் தேக்குகிற ஒவ்வொரு குழியும் அந்த அழுத்தத்துக்குத் தீனி.

கோத்தகிரி_தேயிலைக்காடு

ஒப்புக்கொள்கிறேன், தம்பி. ஆனால் குழியே வேண்டாம் என்றால் மேல்மண் எல்லாம் கல்லாற்றுக்குப் போகும். மிதமான சரிவில், கீழே குடியிருப்பு இல்லாத இடத்தில் குழி இருக்கட்டும். செங்குத்தான இடத்தில், முன்பு சரிந்த தழும்பு உள்ள இடத்தில், வீட்டுக்கு மேலே, அங்கெல்லாம் குழியைத் திறந்துவிட்டு வடிகாலாக மாற்றி ஓடையில் சேர்ப்பதுதான் சரி. அப்படிப் பிரித்தால் இருவர் சொல்வதும் நிற்கும்.

குன்னூர்ச்சரிவு

அப்படிப் பிரித்தால் சரிதான்.

வடிகால் ஓடை வரைக்கும் போக வேண்டும். பாதியில் விட்டால் விட்ட இடத்தில் புதுப் பள்ளம் பறிக்கும். பக்கத்துக் காட்டின் தலைமேல் திருப்பிவிடுவது இன்னும் மோசம். கூரைத் தண்ணீர், பாத்திரம் கழுவும் தண்ணீர், உடைந்த குடிநீர்க் குழாய் இவையும் சரிவுக்குள்தான் இறங்குகின்றன. அக்டோபருக்குள் அடைத்துவிடுங்கள்.

தடுப்புச்சுவர் விழுவதற்கு முக்கால்வாசிக் காரணம் பின்னால் தேங்கிய தண்ணீர். சுவரில் வீப்ஹோல் (தண்ணீர் வடியும் துளை) 75 அல்லது 100 மி.மீ. குழாயில், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, அடுத்தடுத்த வரிசை மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் சாய்வாக. கீழ் வரிசை தரைக்கு ஒரு சாண் மேலே. இதைப் பலர் செய்கிறார்கள். ஆனால் உட்பக்கம் ஜல்லி நிரப்பாமல் வெட்டிய செம்மண்ணையே தள்ளி மூடிவிடுகிறார்கள். முதல் மழையிலேயே களிமண் குழாயை அடைத்துவிடும். சுவருக்குப் பின்னால் குறைந்தது 30 செ.மீ. கனத்துக்கு ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி. இருக்கிற சுவரில் இதைச் சோதிப்பது எளிது: கனமழை பெய்த மறுநாள் எந்தத் துளையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, எது காய்ந்து கிடக்கிறது என்று பாருங்கள். காய்ந்தது அடைத்த துளை. நீளமான கம்பி விட்டுக் குத்தி எடுங்கள்.

எச்சரிக்கைக் குறிகள்: சுவருக்கு மேலே தரையில் வில்போல வளைந்த வெடிப்பு. நேற்றுவரை மூடின கதவு இன்று சட்டத்தில் உரசுவது. மின்கம்பம், மரம் சாய்வது. தெளிவாக வந்த ஊற்று கலங்குவது, அல்லது மழை கொட்டும்போதே ஊற்று நின்றுபோவது. கடைசியில் சொன்னது மிக ஆபத்து. தண்ணீர் உள்ளே எங்கோ தேங்குகிறது என்று அர்த்தம். வெடிப்புக்கு சில்பாலின் தார்ப்பாய் போட்டு மேலே வாய்க்கால் திருப்பிவிடலாம், ஆனால் அதைச் செய்ய இரவில், மழையில் போகாதீர்கள். ஆள்களை வெளியே கொண்டு வாருங்கள், 1077க்குச் சொல்லுங்கள்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2020இல் நீலகிரிக்குச் சோதனை முறையில் மண்சரிவு முன்னறிவிப்பு தரத் தொடங்கியது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய மையமும் வந்துவிட்டது. அதன் அறிக்கை மாவட்ட நிர்வாகத்துக்குப் போகும், பூஸ்கலன் செயலியிலும் வரும். அது வட்டார அளவில்தான் சொல்லும். உங்கள் சுவர் எப்படி இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பவானிக்கரை

ரோடு பத்தி யாரும் சொல்லலைங்களே. பர்லியார் வழி அடைச்சா கோத்தகிரி வழி. குஞ்சப்பனையிலயும் மண் விழுந்தா மஞ்சூர்–கெத்தை வழி, 43 கொண்டை ஊசி, யானை நடமாட்டம், பெரிய லாரிக்கு ஆகாது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடனே அறுத்த கேரட்டை மண்டிக்கு இறக்கீருங்க. கழுவின கேரட் மூட்டையில ரெண்டு நாள் நின்னா அழுக ஆரம்பிக்கும். கல்லாறு–குன்னூர் மலை ரயிலு அடர்லி, ஹில்குரோ பக்கம் மண் விழுந்து நவம்பர்ல அடிக்கடி ரத்தாகும், அதை நம்பி வெளியூர்ப் பயணம் போட்டுக்காதீங்க.

காந்தல்_கேரட்

மழை வராத வருடத்தைப் பற்றியும் எழுதுங்கள். எல்லாரும் மழையையே பேசுகிறோம். நவம்பரில் இரண்டு வாரம் மேகம் இல்லாமல் போனால் உறைபனி முன்கூட்டியே வந்து கடைபோகத்து உருளையையும் பீன்ஸையும் கருக்கிவிடும்.

மேகம் இல்லை, காற்று இல்லை, ஈரப்பதம் குறைவு, இந்த மூன்றும் சேர்ந்த இரவில்தான் வரும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வழியும். காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வுகளில் புல் வெளுத்திருக்கும்; நூறு அடி மேலே இருக்கும் காட்டில் ஒன்றும் இருக்காது. நிழற்பெட்டிக்குள் ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்கும் வெப்பமானி 3 அல்லது 4 டிகிரி காட்டும்போதே புல் மட்டத்தில் பூஜ்யம் ஆகிவிடும். அதனால் செயலியில் "குறைந்தபட்சம் 4" என்றால் எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குப் பனிநிலை (காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 2 டிகிரிக்குக் கீழே, வானம் சுத்தம் என்றால் அன்று இரவே.

தெளிப்பான் வேலை செய்யும், ஆனால் கணக்குப் பார்த்துத் தொடங்குங்கள். மணிக்கு 2.5 மி.மீ. என்று நான்கு மணி நேரம் ஓட்டினால் 10 மி.மீ.; ஏக்கருக்கு 40,000 லிட்டர். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காக்கிறது. நடுவில் தொட்டி காலியாகி நின்றுபோனால் ஈரம் ஆவியாகி, தெளிக்காத பாத்தியைவிட இது அதிகம் கருகும். பூஜ்யத்துக்கு முன்னால் தொடங்கி, வெயில் வந்து பனி உருகும் வரை விடக்கூடாது. அவ்வளவு தண்ணீர் இல்லாதவர்கள் முந்தின நாள் பகலில் மண்ணை நன்றாக நனைத்து விடுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பாத்தியில் காய்ந்த சருகு மூடாக்கு இருந்தால் அந்த வாரம் ஒதுக்குங்கள், அது மண்ணின் சூட்டை மேலே வரவிடாது.

கோத்தகிரி_தேயிலைக்காடு

இளந்தேயிலைக்குப் பெரணிச் செடியை வெட்டி மேலே போர்த்துவது இன்னும் நல்ல வழிதான். பகலில் எடுத்துவிட மறக்காதீர்கள், மூடியே கிடந்தால் தளிர் வெளுத்துவிடும்.

அரவங்காடு_புதுசு

நன்றி. பருவம் முடிந்தது என்று எப்படித் தெரியும்? "கார்த்திகைக்குப் பின் மழையில்லை" என்பதை நம்பலாமா?

மேலடுக்குக்காற்று

சராசரியாகச் சரி. ஆனால் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது 2023 டிசம்பர் 17, 18இல், மார்கழி பிறந்த பிறகு. அதனால் நாள்காட்டியைப் பார்த்துத் தார்ப்பாயை மடிக்காதீர்கள். 850 அடுக்கில் காற்று வடகிழக்காகி, வறண்டு, பத்து நாள் கணிப்பில் குமரிக் கடலிலும் இலங்கைக்குத் தெற்கிலும் தாழ்வு எதுவும் இல்லாமல் இருந்தால் மடிக்கலாம்.

கேத்தி_மழைமானி

அக்டோபர் 1 முதல் தினம் காலை 8:30க்கு அளவு போடுகிறவர்கள் ஒரே வரியில் இந்த வரிசையில் போடுங்கள்: ஊர், உயரம், 24 மணி நேர அளவு மி.மீ.யில், கடந்த மூன்று நாள் கூட்டுத் தொகை, காலையில் காற்றுத் திசை, பக்கத்து ஊற்று தெளிவா கலங்கலா. மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று கட்டாயம் போடுங்கள். பதிவே இல்லாவிட்டால் மழை இல்லையா, அளக்கவில்லையா என்று தெரியாமல் மூன்று நாள் கூட்டு கெட்டுப்போகிறது. பர்லியார், கீழ்கோத்தகிரி, எல்லநள்ளி மூன்றிலும் நம் இழைக்காரர்கள் இன்னும் யாரும் அளக்கவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் எழுதினால் புனல் பரப்புக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.